வாசலில் திருப்பி அனுப்பிய காலை

என் மனைவி பதற்றத்தாலும் மனச்சோர்வாலும் தவித்துக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் பட்டாசு ஆலையின் வாசலில், வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவளை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பினேன். பாதுகாப்புக்காக என்று சொன்னேன். அது பொய். அவளை அவமானப்படுத்தவே அப்படிச் செய்தேன்.

எழுபதைத் தாண்டிய வயதில் இதை எழுதுகிறேன். எழுதினால் பாரம் குறையும் என்ற நம்பிக்கையெல்லாம் இல்லை. எங்கள் உறவில் இந்தக் கதையை இன்னும் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். "அந்தம்மாவ வச்சிக்கிட்டு மனுசன் எம்புட்டுப் பொறுமையா ஓட்டுனாரு" என்று கல்யாண வீடுகளில் என் காதுபடவே பேசுகிறார்கள். அந்தப் பாராட்டு எனக்குரியதல்ல. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஆலை ஏழாயிரம்பண்ணைப் பக்கம். வீடு விருதுநகரில். நானும் என் அண்ணனும் பங்குதாரர்கள். அண்ணன் வெளியூர் வியாபாரத்தைப் பார்த்தார். நான் மதுரையில் வேதியியல் முதுகலை படித்தவன் என்பதால் மருந்து கலக்கும் கலவை அறைகள் என் பொறுப்பு. என் மனைவி கிஃப்ட் பாக்ஸ் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். எந்தப் பெட்டியில் எந்தெந்தப் பட்டாசு, மேல் அட்டையில் என்ன படம், லேபிளில் என்ன நிறம், எந்த ஊருக்கு எது போகும் என்று எல்லாம் அவள் முடிவு. மல்லாங்கிணற்றுக்காரி. பி.காம். படித்தவள். வாய்த்துடுக்கு அதிகம். அச்சகத்துக்காரர்கள் நிறத்தைக் கொஞ்சம் மாற்றி அடித்துவிட்டால் போனில் கூப்பிட்டு, "என்ன அண்ணாச்சி, செவப்பு கேட்டா சாம்பாரு அனுப்பியிருக்கீக?" என்பாள். அவர்கள் சிரித்துக்கொண்டே மறுபடி அடித்துத் தருவார்கள்.

ஆலை வாசலில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லா ஆலைகளிலும் காலையில் பீடி, தீப்பெட்டி, செல்போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பா காலத்திலிருந்து அதோடு ஒரு கேள்வியும் சேர்ந்திருந்தது. கலவை அறைக்குப் போகிற ஆட்களை நிறுத்தி, ராத்திரி தூங்கினாயா, வீட்டில் சண்டையா என்று கேட்போம். மனம் வேறெங்கோ இருக்கும் ஒருவன் கையில் கலவையைக் கொடுத்தால் அவனும் போவான், பக்கத்து அறையில் இருப்பவனும் போவான். தூங்காதவனைக் காகிதப் பிரிவுக்கு மாற்றுவோம், அல்லது வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

"ஏலே, கண்ணு ஏன் செவந்திருக்கு?"

"ஊர்ல கோயில் கொடை மொதலாளி. விடிய விடிய மைக் செட்டு."

"மைக் செட்டா, வேற செட்டா?"

"சத்தியமா மைக் செட்டுதான் மொதலாளி."

வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவன் தலையைச் சொறிந்துகொண்டு காகிதப் பிரிவுக்குப் போவான். இதில் யாருக்கும் அவமானம் கிடையாது. ஆனால் இந்தக் கேள்வி கலவை ஆட்களுக்கு மட்டும்தான். மற்றவர்களை நாங்கள் கேட்டதில்லை. என் மனைவியின் இடம் கலவை அறைகளைச் சுற்றிய உள்வேலிக்கு வெளியே, அட்டையும் லேபிளும் அடுக்கிய ஓர் அலுவலகக் கட்டடம். அங்கே கை நடுங்கினால் அதிகபட்சம் ஓர் அட்டை கிழியும்.

அவளுக்கு ஐம்பது நெருங்கும்போது நோய் வந்தது. அதற்கு வெகு காலம் முன்பே தொடங்கிவிட்டது என்று பின்னால் டாக்டரிடம் அவள் சொன்னாள். நான் அதைக் கவனித்ததில்லை. காலையில் நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வேர்க்கும். சில நாள் பல் விளக்கப் போனவள் குழாயைத் திறந்துவிட்டு அப்படியே நிற்பாள்.

"என்னமோ நடக்கப் போகுதுங்க."

"என்ன நடக்கப் போகுது?"

"தெரியலங்க."

அந்தத் 'தெரியல' என்னை எரிச்சலூட்டியது. நான் படித்த படிப்பில் காரணமில்லாமல் எதுவும் வெடிப்பதில்லை. உராய்வு இருக்கும், வெப்பம் இருக்கும், ஈரம் பட்டிருக்கும், தேடினால் கிடைத்துவிடும். அவளிடமும் அப்படித் தேடினேன்.

"நான் குடிக்கேனா? மக கோயமுத்தூர்ல நல்லாத்தான இருக்கா? பின்ன ஒனக்கு என்ன கொறை?"

"கொறைன்னு நான் சொல்லலையே."

"அப்ப எதுக்கு எழவு வீட்டுல இருக்க மாதிரி இருக்க?"

அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன்.

மதுரையில் மனநல மருத்துவர் ஒருவரை அவளே விசாரித்துக் கண்டுபிடித்தாள். காரில் கூட்டிப்போனது நான்தான். ஆனால் யாரும் பார்த்துவிடக் கூடாது என்று இரண்டு தெரு தள்ளி வண்டியை நிறுத்தி, வெயிலில் நடக்க வைத்தேன். உள்ளே டாக்டர் அவளைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் நானே பதில் சொன்னேன். "நல்லாத்தான் தூங்குறா சார். சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்கிறா." டாக்டர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நீங்க வெளிய உக்காருங்க" என்றார். அன்று முழுவதும் அந்த டாக்டர் மேல் எனக்குக் கோபம். உறவினர்கள் கேட்டால் தைராய்டு என்று சொல்ல வேண்டும் என்று திரும்பும் வழியில் அவளுக்குக் கட்டளை போட்டேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே அவள் ஆலைக்கு வந்தாள். எல்லா நாளும் ஒன்று போல இல்லை. ஆனால் எழுந்து, குளித்து, சேலை கட்டி, காரில் ஏறினாள். அதற்கு அவள் எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தபோது, வடக்கேயிருந்து ஒரு பெரிய வியாபாரி வந்திருந்தார். அலுவலகத்தில் புது கிஃப்ட் பாக்ஸ்களை அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். பாதியில் அவள் முகம் வெளுத்தது. கையிலிருந்த பெட்டியை மேசையில் வைத்தாள். "ஒரு நிமிசம்" என்று சொல்லி எழுந்து போனவள் திரும்பி வரவேயில்லை. வெளியே காரில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வியாபாரி என்னைப் பார்த்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா என்று மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மரியாதை எனக்குச் செருப்படி போல இருந்தது. ஆர்டரை அவர் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை. எனக்குப் பட்டதெல்லாம் என் அவமானம் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் கத்தினேன். என்னவெல்லாம் சொன்னேன் என்பதை முழுதாக எழுத மனம் வரவில்லை. "நாலு பேரு முன்னால என் மானத்த வாங்கணும்னே செய்ற" என்றது நினைவிருக்கிறது.

அவள் அன்று பதிலுக்குக் கத்தினாள். "மூச்சே வரலங்க எனக்கு. செத்துருவேன்னு நெனச்சேன். அப்பயும் ஒங்க மானத்துக்காகத்தான் வெளிய போனேன். அங்கனயே விழுந்து கெடந்தா நல்லா இருந்திருக்குமா?"

அவள் கேட்டதில் நியாயம் இருந்ததால் கோபம் இன்னும் ஏறியது.

மறுநாள் காலை இருவரும் காரில் வந்து இறங்கினோம். வாசலில் கலவை ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பின்னால் வேனில் வந்த பெண்கள் தூக்குவாளிகளோடு கூட்டமாக நின்றார்கள். நான் என் இடத்தில் போய் நின்றேன். அவள் வழக்கம்போல வரிசையைத் தாண்டி அலுவலகத்துக்கு நடந்தாள். நான் கையை நீட்டி மறித்தேன்.

"நில்லு. ராத்திரி தூங்குனியா?"

அவள் முதலில் வேடிக்கை என்றுதான் நினைத்தாள். அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வரப் பார்த்ததை நான் கண்டேன். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"தூங்கல" என்றாள். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"மனசு சரியா இருக்கா?"

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"தூங்காதவுகள, மனசு சரியில்லாதவுகள உள்ள விடக் கூடாதுன்னு எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். வீட்டுக்குப் போ."

யாரோ இருமினார்கள். பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பேக்கிங் பிரிவு மேற்பார்வை பார்த்த அம்மா மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "மொதலாளி, அம்மா அட்டை ரூமுக்குத்தான போறாக?"

"நீ ஒன் சோலியப் பாரு" என்றேன்.

டிரைவரிடம் அவளைக் கொண்டுபோய் விடச் சொன்னேன். அவள் காரில் ஏறவில்லை. கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, காய்ந்த காட்டு வழியே மெயின்ரோட்டைப் பார்த்து நடந்தாள். பேருந்து எப்போது வரும் என்று அவளுக்குத் தெரியாது. அவள் அந்தப் பாதையில் பேருந்து ஏறியதே இல்லை. நான் திரும்பி, அடுத்த ஆளைக் கேட்டேன். "ஏலே, நீ தூங்குனியா?"

அவன் என் முகத்தைப் பார்க்காமலே தலையாட்டினான்.

சாயங்காலத்துக்குள் ஏழாயிரம்பண்ணையிலிருந்து சாத்தூர் வரை செய்தி போய்விட்டது. தைராய்டு என்று நான் கட்டிக்காத்த பொய்யை நானே உடைத்து, அதைவிடக் கேவலமான ஒன்றை அதன் இடத்தில் வைத்தேன். முதலாளியம்மாவுக்கு மூளை பிசகிவிட்டது, முதலாளியே உள்ளே விடவில்லை என்று பேசிக்கொண்டார்கள். ஒருமுறை சொன்ன சட்டத்தை மாற்றினால் கெத்து போய்விடும் என்று மறுநாளும் அவளை வரச் சொல்லவில்லை. அதற்கடுத்த நாளும் சொல்லவில்லை. பிறகு அதற்கு ஒரு நியாயமும் கண்டுபிடித்தேன். ஆபத்தான அறை என்றால் அதைச் சுற்றி ஆளில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் எங்கள் தொழில். ஒவ்வோர் அறைக்கும் இடையே தூரம் விட்டுத்தான் கட்டுவோம். அந்தப் புத்தியை வீட்டுக்குள் கொண்டுவந்தேன். அச்சகத்துக்காரர்களிடம் அவளுக்குப் போன் செய்ய வேண்டாம் என்றேன். விசேஷ வீடுகளுக்கு நான் மட்டும் போனேன். அவளைப் பார்க்க வந்த சொந்தங்களை வாசலிலேயே பேசி அனுப்பினேன். எல்லாவற்றையும் அவளை விட்டுத் தள்ளி வைத்தேன். ஓய்வு கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டேன். ஊரும் நம்பியது.

அவள் பின்கட்டு அறையில் படுத்துவிட்டாள். முதலில் தலை சீவுவது நின்றது, பிறகு குளிப்பது. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் அப்படியே இருக்கும்.

"எந்திரிச்சு நாலு வேலையப் பாத்தாத்தான மனசு மாறும்?" என்று வாசற்படியில் நின்று அதட்டினேன்.

அவள் சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "எந்த வேலைங்க? காலைல சேலை கட்டிக்கிட்டு கெளம்பணுமேங்கிறதுக்காகத்தான் எந்திரிச்சிக்கிட்டு இருந்தேன். அதத்தான் நீங்க எடுத்துட்டீகளே."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் வேறு சொன்னது. "எல்லாத்துக்கும் நாந்தான் காரணமா?" என்று கேட்டுவிட்டுப் போனேன்.

கோடை முடியும் முன்னால், கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த மகளிடம், உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள். என்னிடம் அல்ல, மகளிடம். மகள் என்னைக் கேட்கவேயில்லை. வண்டி பிடித்து மதுரைக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தாள். நான் பின்னால் பேருந்தில் போனேன். டாக்டர் என்னையும் மகளையும் உட்கார வைத்து, அம்மா தினமும் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன்.

"அப்பா, நீங்க பேசாதீங்க" என்றாள் மகள்.

பிறகு ஆலை வாசலில் நடந்ததை மகளே டாக்டரிடம் சொன்னாள். அவளுக்கு அது பேக்கிங் பிரிவு அம்மா மூலம் தெரிந்திருந்தது. அம்மாவும் அப்பாவும் இத்தனை நாள் தன்னிடம் மறைத்ததை, ஆலையில் வேலை பார்க்கும் ஒருவரிடம் போன் போட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று என்றாள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். அந்த வேலை மறுபடி கிடைக்க வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். அந்த அறையில்தான், நான் செய்தது என்னவென்று எனக்கு முழுதாக விளங்கியது. நோயை நான் உண்டாக்கவில்லை. ஆனால் அவள் பிடித்துக்கொண்டிருந்த ஒரே கயிற்றை, நாலு பேர் பார்க்க அறுத்தவன் நான்.

மாத்திரை மாற்றியதில், மகள் கூடவே இருந்ததில், மெல்ல அவள் தேறினாள். வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "ஆலைக்கு வா. ஒன் சீட்டு அப்படியேதான் இருக்கு" என்றேன்.

"எந்த வாசல் வழியா வரணும்?" என்று கேட்டாள்.

"என்ன கேக்குற? ஒரு வாசல்தான இருக்கு."

"அது வழியா நான் வர மாட்டேன்."

அவள் கோபத்தில் சொல்கிறாள், ஆறிவிடும் என்று நினைத்தேன். நான் எப்போதும் போல அவளுக்காக நானே ஒரு முடிவு எடுத்தேன். எல்லோர் முன்னால் செய்த தப்பை எல்லோர் முன்னாலேயே சரிசெய்ய வேண்டும். அதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றியது. தீபாவளி முடிந்து கொஞ்ச நாள் மூடிவிட்டு, ஆலையை மறுபடி திறக்கும்போது பூஜை போடுவோம். அந்தப் பூஜைக்கு வந்து விளக்கேற்றிவிட்டுப் போகும்படி கெஞ்சினேன். மகளும் சொன்னதால் வந்தாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தேங்காய் உடைத்து, பொங்கல் கொடுக்கும் முன்பு நான் கையைத் தட்டி எல்லோரையும் கூப்பிட்டேன். பேசினேன். வாசலில் அவளை நிறுத்தியது தப்பு, சட்டத்தைப் பொய்யாகப் பயன்படுத்தினேன், அவளுக்கு வந்திருப்பது சுகர், பிரஷர் போல ஒரு நோய்தான், யாரும் அவளைக் கேவலமாக நினைக்கக் கூடாது, பாவம் அவள் ரொம்பக் கஷ்டப்பட்டுவிட்டாள் என்று உருகி உருகிச் சொன்னேன். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அதைத் துடைக்காமல் விட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பின்வரிசையில் ஒருவன் இன்னொருவனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மொதலாளிய இன்னைக்கு யாருலே வாசல்ல நின்னு கேட்டது, தூங்குனீகளான்னு?" களுக்கென்று சிரிப்பு.

அவள் கை கூப்பி எல்லோரையும் ஒருமுறை வணங்கிவிட்டு நேராகக் காருக்குப் போய்விட்டாள். சாத்தூர் தாண்டியதும், டிரைவர் இருக்கிறான் என்றும் பார்க்காமல் சொன்னாள்:

"அன்னைக்குப் பைத்தியம்னு காட்டுனீக. இன்னைக்குப் பாவம்னு காட்டுனீக. ரெண்டுக்கும் நாந்தான் கூட்டத்துக்கு நடுவுல நிக்கணுமா? என் நோய ஊருக்குச் சொல்லணும்னா என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா?"

"மன்னிப்புத்தான கேட்டேன்?"

"என்கிட்டயா கேட்டீக? அவுககிட்டக் கேட்டீக. நல்லவருன்னு பேரு வாங்கணும் ஒங்களுக்கு. வாங்கிட்டீக. வச்சிக்கிடுங்க."

அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளிடம் நான் அதுவரை மன்னிப்புக் கேட்டதே இல்லை என்பது அந்தக் காரில்தான் எனக்கு உறைத்தது. அப்போது கேட்டேன். அவள், "டிரைவர், பாட்டப் போடுங்க" என்றாள்.

அடுத்த ஆடி வருவதற்குள் அவள் சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். முன்பு எங்களுக்கு லேபிள் அடித்துக் கொடுத்தவர்களில் ஒருவருடைய அச்சகம்தான். ஆர்டர் பிரிவில் சம்பளத்துக்கு வேலை. முந்தின நாள் இரவு சாப்பிடும்போது தகவல் போலச் சொன்னாள். சீசனில் அச்சகம் படும் பாடு எனக்குத் தெரியும். அந்தச் சத்தமும் அவசரமும் இவளுக்கு ஆகுமா என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். விழுங்கியது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"முடியலன்னா நானே நின்னுக்கிடுவேன். நீங்க போன் கீன் போட்டுச் சொல்ல வேண்டாம்" என்றாள்.

தினமும் காலையில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பேருந்தில் போனாள். காரை அனுப்புகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். முதலாளி வீட்டுப் பெண் அடுத்தவனிடம் கூலிக்குப் போகிறாள் என்று எங்கள் உறவினர்கள் குமைந்தார்கள். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தே விட்டார். அவர் மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். கூடத்தில் உட்கார்ந்து, உள்ளே அவள் இருப்பது தெரிந்தே உரக்கப் பேசினார்.

"குடும்பத்துல பொண்ணு குடுக்குறவன் என்னலே நெனைப்பான்? ஒடம்பு சரியில்லன்னா வீட்டுல கெடக்க வேண்டியதுதான? பஸ்ஸுல தொங்கிக்கிட்டு ஊரு ஊராப் போய் நோயக் காட்டணுமா?"

அவள் வெளியே வந்தாள். சுவரில் ஒரு கையை வைத்துக்கொண்டாள்.

"அத்தான், எனக்கு இருக்கது தைராய்டு இல்ல. மனச்சோர்வு. மாத்திர சாப்புடுறேன். பொண்ணு வீட்டுல கேட்டா அப்படியே சொல்லுங்க. வேலைய நிப்பாட்ட மாட்டேன்."

அண்ணன் அவளைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்துக் கத்தினார். "ஏலே, ஒன் பொண்டாட்டிய உள்ள போகச் சொல்லு."

சின்ன வயதிலிருந்து அண்ணன் பேச்சை நான் தட்டியதில்லை. அந்த நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டதில், அவள் பல வருஷம் சொன்ன படபடப்பு எப்படியிருக்கும் என்று கொஞ்சம் தெரிந்தது. நீளமாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

"அவ இருக்கது அவ வீடு. நீங்க வேணும்னா போங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். அதன்பின் என் வீட்டுப் படி ஏறவில்லை. ஆலையிலும் என்னோடு கணக்கு வழக்குக்கு மட்டும்தான் பேசினார், பிறகு அதையும் ஆள் மூலம் என்று ஆக்கிக்கொண்டார். கொஞ்ச காலத்தில் நான் விலகிக்கொண்டேன். அவர் மகன் கல்யாணத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை.

அன்று அண்ணன் போனபின் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். நான் ஏதோ சாதித்துவிட்டதாக ஒரு நினைப்பு, அவள் அதைக் கவனித்திருப்பாள் என்று ஓர் ஆசை. அவள் அதையும் கண்டுகொண்டாள்.

"இதுக்கு நான் ஏதாச்சும் சொல்லணும்னு எதிர்பாக்காதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அதன்பின் மோசமான நாட்கள் வராமல் இல்லை. சில காலைகளில் எழுந்திருக்க முடியாமல் கிடப்பாள். ஏன் என்று கேட்பதை விட்டுவிட்டேன். எழுந்திரு என்றும் சொல்வதில்லை, படு என்றும் சொல்வதில்லை. வெந்நீர் போட்டு வைப்பேன். பக்கத்து அறையில் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நாள் மதியத்தில் எழுந்து, குளித்து, அரை நாள் வேலைக்குப் போவாள். சில நாள் போக மாட்டாள். ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "என்னைய மன்னிச்சிட்டியா இல்லியா? அதையாச்சும் சொல்லு."

"எனக்கு எந்திரிக்கதே பாடா இருக்கு. இதுல ஒங்களுக்கு வேற ஆறுதல் சொல்லணுமா?" என்றாள்.

மறுபடி கேட்கவில்லை.

போன வருஷம் சித்திரையில், சிவகாசியில் அச்சகத்துக்குப் பக்கத்திலேயே மாடியில் ஓர் அறை எடுத்துக்கொள்ளப் போகிறேன் என்றாள். இந்த வயதில் தினம் பேருந்து முடியவில்லை என்பது ஒரு காரணம். இன்னொன்றையும் சொன்னாள்; அவள் பொய் சொல்ல மாட்டாள்.

"இந்த வீட்டுல காலைல கண்ணு முழிச்சா, நீங்க அந்தப் பக்கம் பேப்பரப் பிடிச்சிக்கிட்டு நான் எந்திரிக்கேனா இல்லையான்னு காது குடுத்துக்கிட்டு இருக்கது தெரியுது. அது எனக்குப் பாரமா இருக்கு. நீங்க நல்லபடியாத்தான் இருக்கீக இப்ப. ஆனா பாரமா இருக்கு."

மகள் போனில் என்னிடம், "தடுக்காதீங்கப்பா" என்றாள். நான் தடுக்கவில்லை. அவளுடைய பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டேன். பக்கத்து வீட்டார் கேட்டபோது, வேலைக்குப் பக்கத்தில் இருக்கிறாள் என்று சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

அங்கே அவள் தேறிக்கொண்டு வருகிறாள். டாக்டர் மாத்திரையைக் குறைத்திருக்கிறார் என்று மகள் சொன்னாள். நானில்லாத இடத்தில் அவள் நன்றாக இருக்கிறாள் என்பதை ஜீரணிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று. இப்போதும் முழுதாக ஜீரணித்துவிட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

வெயில் கடுமையாக இருந்த ஒருநாள், அறையில் ஃபேன் சரியாகச் சுற்றவில்லையாம் என்று மகள் சொன்னதால், புதிதாக ஒரு டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டு சிவகாசிக்குப் போனேன். போவதற்கு முன் போன் செய்து, வரலாமா என்று கேட்டேன். "வாங்க" என்றாள். மாடிப்படி செங்குத்து. ஃபேனைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குள் மூச்சு வாங்கியது. அவள் கதவைத் திறந்தாள். தலை சீவி, பூ வைத்திருந்தாள். பின்னால் சன்னலோரம் ஒரு கட்டிலும், ஒரு மேசையும், மேசையில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளும் இருந்தன. ஃபேனை வாங்கிச் சுவரோரம் வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். உட்காரச் சொல்லவில்லை. உட்கார அங்கே நாற்காலியும் ஒன்றுதான் இருந்தது. அதில் காயப்போட்ட துணி கிடந்தது.

"சாப்டீகளா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றேன். ஒரு கணம் எனக்கு நம்பிக்கை வந்தது.

"கீழ எறங்குனதும் வலது கைப்பக்கம் கடை இருக்கு. புரோட்டா நல்லா இருக்கும்" என்றாள்.

நான் இறங்கிப் போய்ச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது.